சோடியா மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போறவங்க விடுற பிழைகள்

திருகோணமலையில இப்ப எந்த ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனாலும் மாலைதீவுக் கதைதான். புருஷன் மெத்ஸ், பொஞ்சாதி இங்கிலிஷ், ரெண்டு பேரும் அப்ளை பண்ணினா ரெண்டு சம்பளம், கொழும்பில இருந்து பிளேன்ல ஒன்றரை மணித்தியாலம், எங்கட நேரத்துக்கு அரை மணித்தியாலம்தான் பிந்தி. எல்லாம் சரிதான். ஆனா போன பிறகு அந்தரப்படுற சோடிகள் அனேகமா விட்ட பிழை ஒண்டுதான், நாங்க கலியாணம் கட்டின ஆக்கள், எங்கள ஒரே இடத்திலதான் போடுவாங்க எண்டு நினைச்சது.

வேலை தாறது தனித்தனி ஆளுக்கு. ரெண்டு ஓஃபர் லெட்டர், ரெண்டு கன்ட்ராக்ட், ரெண்டு வேர்க் பெர்மிட். ஆள் குடியிருக்கிற தீவே அங்க 200க்குக் கிட்ட இருக்கு, எந்த ஸ்கூலில எந்தப் பாடத்துக்கு டீச்சர் இல்லையோ அங்கதான் போடப் பார்ப்பாங்க. வடக்க ஹா அலிஃப் தொடக்கம் தெக்க அட்டு வரைக்கும் 800 கிலோமீட்டருக்கு மேல வரும். ஒராளுக்கு மூதூர், மற்ற ஆளுக்கு டவுன் கிடைச்ச மாதிரித்தானே, சனி ஞாயிறு வந்து போகலாம் எண்டு கணக்குப் போடாதீங்க, தூர அட்டோலுக்கெண்டா (அட்டோல் எண்டது தீவுக்கூட்டம்) அனேகமா தலைநகர் மாலேக்கு வந்து உள்ளூர் பிளேன் மாறவேணும், அந்தக் காசும் உங்கட கைக்காசு. அங்க லீவும் சனி ஞாயிறு இல்ல, வெள்ளி சனி.

இன்னொண்டு, எங்கட கடல் கணக்க அங்க கொண்டு போகாதீங்க. நிலாவெளியில கடல் அடங்கிக் கிடக்கிற மே தொடக்கம் செப்டம்பர் வரைக்குமான காலத்திலதான் அங்க தென்மேல் பருவக்காத்து, கடல் கொந்தளிச்சா ஸ்பீட் போட் ஓடாது, சந்திக்கிறதெண்டு பிளான் பண்ணின நாளில ரெண்டு பேரும் ரெண்டு ஜெட்டியில நிப்பீங்க.

அதால ஏஜென்சிக்காரர் போனில "ஒரே தீவுதான் சேர், பயப்படாதீங்க" எண்டு சொன்னத நம்பி சைன் வைக்க வேண்டாம். ரெண்டு லெட்டரையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து வரி வரியா வாசிங்க. தீவுப் பேர், ஸ்கூல் பேர், தொடங்கிற திகதி, வீட்டு அலவன்ஸ் ஒராளுக்கா ரெண்டு பேருக்குமா, டிக்கட் காசு ஆர் தாறது, இடையில விட்டா என்ன கட்டவேணும். தீவுப் பேர் இல்லையெண்டா எழுத்தில கேளுங்க. எழுத்தில தராட்டி ஒராள் முதல்ல போய் ஸ்கூலில நல்ல பேர் எடுத்து, அங்க வேக்கன்சி வரேக்க பிரின்சிபலோட நேர கதைச்சு மற்ற ஆள எடுக்கிறதுதான் நல்லம் எண்டு நான் நினைக்கிறன், கொஞ்சம் பிந்தும்தான், ஆனா குடும்பம் ஒரு வீட்டில இருக்கும். அதுக்காக மற்ற ஆள டிபென்டன்ட் விசாவில கூப்பிட்டுச் சும்மா படிப்பிக்க விடக்கூடாது, அதுக்குப் பெர்மிட் வேணும். டியூஷனும் அப்பிடித்தான், பெர்மிட் எடுத்துத் தந்த இடத்தத் தவிர வேற இடத்தில உழைச்சா பிடிபடுற நாளில வேலையும் போகும்.

ஊரில விட்டிட்டுப் போற கடனப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்ல, எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமான விஷயம். அரசாங்க டீச்சர் எண்டா சம்பளத்தில வெட்டுற லோன் இருக்கும், அதுக்குப் பிணை நிண்டது பக்கத்து வகுப்பு டீச்சர். நோ பே லீவில போனா சம்பளம் இல்ல, வெட்ட ஒண்டுமில்ல, ரெண்டு மாசம் கட்டாம விட்டா பாங்க் பிணைகாரருக்குக் கடிதம் போடும், பிறகு அந்த டீச்சரிட சம்பளத்திலதான் கை வைக்கும். புருஷனுக்குப் பொஞ்சாதியிட ஸ்கூலில பிணை, பொஞ்சாதிக்குப் புருஷன்ட ஸ்கூலில பிணை எண்டு இருந்தா ரெண்டு ஸ்டாஃப் ரூமிலயும் முகம் காட்டேலாது. போக முந்தியே பாங்குக்குப் போய் லோன் காசு மாசாமாசம் கணக்கில இருந்து தானா வெட்டுப்படுற மாதிரி நிலையான கட்டளை போட்டு, மூண்டு நாலு மாசக் காசையும் கணக்கில போட்டிட்டுப் போங்க. லீவ் அனுமதி கையில வராம ஸ்கூல விட்டுப் போறதும் கூடாது, வலயக் கல்வி அலுவலகத்தில கடிதம் குடுத்தது அனுமதி இல்ல.

சேர்டிபிக்கட் அத்தாட்சிப்படுத்த எல்லாரும் கொழும்புக்கு நைட் ட்ரெயின் ஏறத் தேவையில்ல, வெளிவிவகார அமைச்சின்ட கொன்சியுலர் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலயே இருக்கு, முதல்ல அங்க கேளுங்க. பீரோவில, அதாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில, பதியாம டூரிஸ்ட் விசாவில போய் வேலை தேடுறது வேண்டவே வேண்டாம்.

பெட்டி அடுக்கேக்க அம்மா ஆசையோட வைக்கிற பிள்ளையார் சிலைய வெளிய எடுத்திடுங்க. வழிபாட்டுச் சிலை, பண்டி இறைச்சி, மதுபானம் ஒண்டும் அங்க கொண்டு போகேலாது, கஸ்டம்ஸில பறிப்பாங்க. வெளிப்படையா வேற சமய வழிபாடும் செய்யேலாது, பத்திரகாளி அம்மன் கோயிலடியில வளர்ந்த ஆக்களுக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும், தெரிஞ்சுகொண்டு போங்க. கறித்தூள் தாராளமாக் கொண்டு போங்க, மாசிக் கருவாடு மட்டும் தேவையில்ல, அது அங்கயிருந்துதான் எங்களுக்கே வருது.

சம்பளத்த கூகுள்ல போட்டு இலங்கைக் காசாக்கிப் பார்த்து சந்தோஷப்படுறதும் பிழை. சம்பளம் ருஃபியாவில வரும், பாங்க் ரேட் டொலருக்கு 15.42க்குக் கிட்ட நிண்டாலும் அந்த ரேட்டில வேண்டிய அளவு டொலர் கிடைக்காது, வெளிய கூடக் குடுக்கவேணும். அங்க இப்ப இருக்கிற டீச்சர் ஒராளிட்ட "மாசம் எவ்வளவு வீட்ட அனுப்பேலும்" எண்டு கேளுங்க, வீடு கட்டுற கணக்க அந்தத் தொகையில போடுங்க.

பிள்ளை இருந்தா முதல்ல எத்தினையாம் ஆண்டு எண்டு பாருங்க. அங்க இங்கிலிஷ் மீடியம், பெரிய வகுப்புகளில கேம்பிரிஜ் சிலபஸ், தமிழ் மீடியம் இல்ல. சின்னப் பிள்ளையெண்டா சமாளிச்சிடும். ஒன்பதாம் பத்தாம் ஆண்டில தமிழ் மீடியத்தில ஓ.எல்.க்குப் படிக்கிற பிள்ளைய இடையில தூக்கிக்கொண்டு போகாதீங்க, சோதினை முடியும் வரைக்கும் ஒராள் ஊரில நில்லுங்க.