கோர்ட் தீர்ப்பில் தத்துவத்தைத் தேடிப் படிப்பது எப்படி?

தத்துவம் படிக்கலாம் என்று பிளேட்டோவைக் கையில் எடுத்து இருபது பக்கத்தில் மூடி வைத்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதே கேள்விகள்தான் அங்கேயும் வரும், ஆனால் பதிலைப் பொறுத்து ஒருவர் ஜெயிலுக்குப் போவார் அல்லது வீட்டுக்குப் போவார் என்பதால் நமக்குத் தூக்கம் வராது.

இலக்கியம், அரசியல், சட்டம் மூன்றும் முட்டிக்கொள்கிற வழக்காகப் பார்த்து எடுங்கள். தமிழில் படிக்கிறவர்களுக்கு கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கு. திருச்செங்கோட்டையும் அதன் கோயில் திருவிழாவையும் வைத்து எழுதிய நாவல் அது, அந்த ஊரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்புச் சொன்னது. நூறு பக்கத்துக்கு மேல் ஓடும், ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் எளிமையான ஆங்கிலம். வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு, இந்தப் பெயர்களைப் போட்டு இணையத்தில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும். நாவலைப் படிக்காமல் தீர்ப்புக்குப் போகாதீர்கள். படிக்காமலே கோபப்பட்டவர்களால் வந்த வழக்கு அது.

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். யார் ஜெயித்தார், என்ன உத்தரவு என்று தெரிந்துகொண்டால் நடுவில் வரும் வாதங்கள் எங்கே போகின்றன என்று புரியும். இந்தத் தீர்ப்பின் கடைசி வரிகள் ரொம்பப் பிரபலம்: எழுத்தாளர் தனக்கு நன்றாக வருகிற வேலைக்கே உயிர்த்தெழட்டும், எழுதுங்கள் என்று முடியும். 'உயிர்த்தெழட்டும்' என்பது சும்மா வந்து விழவில்லை. 2015 ஜனவரியில் எதிர்ப்பாளர்களையும் அவரையும் வைத்து அதிகாரிகள் நாமக்கல்லில் நடத்திய 'சமாதானப் பேச்சுவார்த்தை'யில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பெருமாள்முருகன், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், அவன் கடவுள் இல்லை, அதனால் உயிர்த்தெழப் போவதில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். நீதிபதிகள் அதற்குத்தான் பதில் சொல்கிறார்கள். அழகான வரிதான், ஆனால் அது சட்டம் ஆகாது. அடுத்த வழக்கில் எந்த வக்கீலும் 'எழுதுங்கள்' என்பதைக் காட்டி ஜெயிக்க முடியாது. அன்றைய பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன இடம்தான் வேலை செய்கிற இடம். எது அலங்காரம், எது முடிவைத் தாங்குகிற தூண் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

மேற்கோள்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் நீதிபதிகளுக்கு மேற்கோள் என்றால் கொள்ளைப் பிரியம். தன்பாலின உறவு குற்றமில்லை என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜெர்மன் கவிஞர் கதேயில் ஆரம்பித்து ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவர் வழியாக ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு வரும். அவர்களை எடுத்துவிட்டாலும் தீர்ப்பு அப்படியே நிற்கும். தத்துவம் இருப்பது வேறு இடத்தில், பெரும்பாலும் பெயரே இல்லாமல்.

எங்கே என்றால், நீதிபதி மனதில் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருப்பார். ஆபாச வழக்கு என்றால் அந்த ஆள்தான் வாசகர். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1868இல் இங்கிலாந்தில் ஹிக்லின் வழக்கில் வகுத்த விதியில் வருகிற வாசகர் பலவீனமானவர், கெட்டதைப் பார்த்தால் கெட்டுப்போய்விடுவார், அவர் கையில் புத்தகம் சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று கவிஞர்களைத் தணிக்கை செய்யச் சொன்ன பிளேட்டோவின் பயம் இதற்கு ரொம்பத் தூரமில்லை. இந்த விதியை வைத்துத்தான் 1964இல் நம் உச்ச நீதிமன்றம் டி. எச். லாரன்ஸ் நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதிசெய்தது. 1985இல் சமரேஷ் போஸ் என்ற வங்க எழுத்தாளரின் வழக்கில் ஆள் மாறுகிறார்: நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் தன்னை வைத்து அவர் என்ன சொல்ல வருகிறார் என்று பார்க்க வேண்டும், அப்புறம் எல்லா வயது வாசகரின் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் ஹிக்லினை ஓரங்கட்டி, இன்றைய சமூகத்தின் சராசரி மனிதரைக் கொண்டுவந்தார்கள். மாதொருபாகன் தீர்ப்பில் வருபவர் இன்னும் தைரியமானவர். பிடிக்கவில்லையா, புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை என்கிறது தீர்ப்பு. தனக்கு எது வேண்டும் என்று தானே முடிவெடுக்கிற ஆள் இவர். 1859இல் மில் 'சுதந்திரம்' பற்றி எழுதிய நூலில் இருக்கும் மனிதருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நின்று ஒரு சண்டை போடுங்கள், தீர்ப்போடு. திருச்செங்கோட்டில் எதிர்த்தவர்களின் புகார் 'நான் படித்துக் கெட்டுவிட்டேன்' என்பதா? இல்லை. எங்கள் ஊரையும் கோயில் திருவிழாவையும் எங்கள் பெண்களையும் இழிவுபடுத்திவிட்டார் என்பது. அப்படியென்றால் காயம் பட்டதாகச் சொல்பவர் வாசகரே இல்லை, எழுதப்பட்டவர். புத்தகத்தை மூடு என்று அவரிடம் சொன்னால் அவர் ஏற்க மாட்டார், ஏனென்றால் அடுத்த வீட்டுக்காரன் திறந்து வைத்திருப்பான். என்னைக் கேட்டால், தீர்ப்பு சரி, ஆனால் அந்த வரி மட்டும் இந்தப் புகாருக்குப் போதாது. புனைவு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டுமா, ஒரு சமூகத்துக்கு மானம் என்று தனியாக ஒன்று உண்டா, அதற்கு ஒரு தனிமனிதரின் பேச்சைவிட எடை அதிகமா? இதற்கெல்லாம் தீர்ப்பு என்ன சொல்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று தேடுங்கள். தாண்டிப் போகிற இடம்தான் சுவாரசியம்.

அடுத்து அரசியல் பக்கம். கூட்டம் கூடிவிட்டது, ஊரில் பதற்றம், பேசியவரின் வாயை மூடினால் அமைதி திரும்பும் என்றால் அரசு யாரைப் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு 1989ஆம் ஆண்டின் ரங்கராஜன் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம், வன்முறை மிரட்டல் என்று சொல்லிப் பேச்சை அடக்கினால் அது மிரட்டலுக்குப் பணிவதுதான் என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையில் வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி அளவுக்கு நெருக்கம் இருக்க வேண்டும் என்றது. பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காக வரம்பு போடலாம் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 19(2)ஆம் உறுப்பில் 'பொது ஒழுங்கு' என்று இருக்கிறது, அதை எவ்வளவு அகலமாகப் படிப்பது என்பதில்தான் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸின் ஆட்களும் மில்லின் ஆட்களும் பிரிவார்கள். ஒழுங்கு குலைந்தால் எல்லாம் போச்சு என்பவர்கள் ஒரு பக்கம், ஒழுங்கைக் காட்டிக் காட்டியே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

மாதொருபாகன் தீர்ப்பை எழுதிய அமர்வில் இருந்த தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல்தான் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஓவியர் எம். எஃப். ஹுசைன் மீதான ஆபாச வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர். தொண்ணூறு வயது ஓவியர் தன் வீட்டில் இருந்து படம் வரைய வேண்டியவர் என்று அதிலும் முடித்திருப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு நீதிபதியின் மனதில் இருக்கும் கலைஞன் எப்படிப்பட்டவன் என்று பிடிபடும்.

நூறு பக்கத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறதென்றால் ரங்கராஜனில் ஆரம்பியுங்கள், அது சின்னது. பழைய தீர்ப்புகளில் வரும் இந்திய தண்டனைச் சட்டத்தின் ஆபாசம் பற்றிய 292ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294ஆகியிருக்கிறது. புது வழக்குகளைத் தேடும்போது அந்த எண்ணையும் போட்டுத் தேடுங்கள்.