பழைய ஆல்ட்டோ வாங்கமுன் அடியைப் பாருங்கள்

திருகோணமலையில் பழைய 800 சிசி ஆல்ட்டோ கார் பார்க்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உடனே விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினை எந்தக் கராஜிலும் பிரித்துப் பூட்டுவார்கள். பாகமும் தாராளம். கையைக் கடிப்பது கறள்தான், அதுவும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கூரையில்லாமல் நின்ற காரென்றால் சொல்லவே வேண்டாம்.

முதலில் காலடி விரிப்பைத் தூக்கித் தகட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமிழ்ந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ உள்ளே அரித்துவிட்டது. டிக்கியில் ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழி, கதவின் கீழ் விளிம்பு, பொனற்றுக்குள் சொக் அப்சோபர் பூட்டும் மேடை, இவ்வளவையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சிறு காந்தமொன்றைத் துணியில் சுற்றிக் கதவடியில் நகர்த்தினால், பிடிக்காத இடத்தில் பட்டி (ஓட்டை, பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்று பிடிபடும். கதவில் கறளென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சொக் மேடையிலோ முன் சில்லைத் தாங்கும் லோவர் ஆம் பூட்டும் இடத்திலோ ஓட்டை இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். பள்ளத்தில் விழும்போது பிய்ந்து வரும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் போகமுன்னரே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ரேடியேற்றர் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தால், கூலன்ற் விடாமல் கிணற்றுத் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். அந்த உப்பும் சுண்ணாம்பும் குழாய்களை அடைக்கும், சூடு ஏறும், எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் தண்ணீரும் ஓயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் காஸ்கெற் போகும். ஓயில் மூடியின் உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் களி ஒட்டியிருந்தால் காஸ்கெற் போயே விட்டதென்று சந்தேகப்படுங்கள். ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே 15 நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி சுற்ற வேண்டும். சூட்டு முள் ஏறக் கூடாது. முள் இல்லாத மொடலென்றால் சிவப்பு விளக்கு எரியக் கூடாது.

கிளச் பார்க்க, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை போதும். மூன்றாம் கியரில் அக்சிலரேற்றரை அழுத்தும்போது சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் பிளேற் தேய்ந்துவிட்டது. நான்கு பேரோடு ஏசி போட்டு ஏறினால் இந்தக் கார் திணறத்தான் செய்யும். அது பழுதில்லை, எஞ்சின் அவ்வளவுதான்.

ரயரின் அளவு 145/80 ஆர் 12. பக்கச் சுவரில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. பெற்றோல் தாங்கி 35 லீற்றர். நெடும்பாதையில் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் காரென்றால் கொழும்புக்குப் போய்வர மட்டுமட்டாகக் காணும்.

வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள சாசி இலக்கத்தைக் காரில் அடித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருந்தால், அதை நீக்கித் தரும்வரை முழுக்காசையும் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு, வாடைக்காற்றுக் காலத்தில் இரண்டு கிழமைக்கொருமுறை சேர்விஸ் ஸ்ரேஷனில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். காய்ந்த பின் கறள் தடுக்கும் பூச்சு அடிக்கலாம். சிலர் மலிவென்று பழைய எஞ்சின் ஓயிலை அடிப்பார்கள், அதில் அடிப்பக்க மூட்டுகளிலுள்ள றப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும். கதவடியிலுள்ள வடிதுளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்.