கொடுங்கையூர் மொட்டை மாடியில் தொடங்கி மலை முகடு வரை: வலசைப் பருந்துகளை எண்ணப் பழகுவது எப்படி?

வடசென்னையில் மலை கிடையாது. இருக்கும் ஒரே மேடு கொடுங்கையூர்க் குப்பைமேடு. ஆனால் மலை முகட்டில் நின்று வலசை போகும் வேட்டைப் பறவைகளை எண்ண ஆசைப்படுகிறவருக்கு, அந்தக் குப்பைமேட்டுக்கு மேலே இருக்கும் வானத்தைப் போல ஒரு பயிற்சிக்களம் சுலபத்தில் அமையாது என்பேன். காலை ஒன்பது மணிக்கு மேல் எம்.கே.பி. நகரிலோ வியாசர்பாடியிலோ ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். கரும்பருந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தப்பில்லாமல் எண்ணக் கற்றுக்கொண்டவருக்கு இமயமலைச் சரிவில் வரிசையாக வரும் கழுகுகளை எண்ணுவது பெரிய வித்தையாகத் தெரியாது.

முதலில், இந்த எண்ணிக்கையை ஏன் மலையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பருந்து, கழுகு போன்ற அகன்ற சிறகுக்காரர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தைச் சிறகடித்தே கடப்பதில்லை. அந்த உழைப்பு உடம்புக்குக் கட்டுப்படியாகாது. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் சுற்றிச் சுற்றி ஏறி, உயரத்துக்குப் போனதும் சிறகை விரித்தபடி சறுக்கி, அடுத்த வெப்பக்காற்றைப் பிடிக்கின்றன. மலைச்சரிவில் மோதும் காற்றும் மேல்நோக்கித் திரும்புவதால், முகட்டை ஒட்டியே பல மணி நேரம் சிறகசைக்காமல் போக முடியும். கடலின் மேல் இப்படிப்பட்ட எழுச்சி பகலில் சரியாகக் கிடைக்காது. ஆகவே கடலைத் தவிர்த்து, மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான நிலத்தில் வந்து குவிகின்றன. மெக்சிகோவின் வெராகுரூஸில் ஓர் இலையுதிர் காலத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப் பறவைகள் கடப்பது இதனால்தான். கருங்கடலுக்கும் காகசஸ் மலைகளுக்கும் இடையில் உள்ள ஜார்ஜியாவின் பட்டூமியில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அங்கே 2008 முதல் எண்ணுகிறார்கள். இந்த விதிக்கு அடங்காத பறவைகளும் உண்டு. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் கூடும் அமூர் வல்லூறு கூரிய சிறகை அடித்துக்கொண்டு அரபிக்கடலையே தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போய்விடுகிறது.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுன்டன் என்றொரு மலை இருக்கிறது. வலசை போகும் பருந்துகளைச் சுட்டுத் தள்ளுவதற்கென்றே துப்பாக்கியோடு ஆட்கள் ஏறிய மலை அது. 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அதைக் குத்தகைக்கு எடுத்து, சுடுவதை நிறுத்தி, எண்ணிக்கையைத் தொடங்கிவைத்தார். அங்கே தலைகளை மட்டும் எண்ணாமல் இளம் பறவை, முதிர்ந்த பறவை என்றும் பிரித்து எழுதினார்கள். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவிய காலத்தில் வெண்தலைக் கழுகுகளில் இளசுகளின் பங்கு குறைந்துபோனதை அந்த நோட்டுகள்தான் காட்டிக்கொடுத்தன. முட்டை பொரியவில்லை என்பது கூட்டுக்கு ஏறிப் பார்க்காமலேயே மலையிலிருந்து தெரிந்தது.

படி 1: மாடியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று மாடிக்குக் குறையாத கட்டடமாக இருந்தால் நல்லது. வடக்கில் வானம் திறந்திருக்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பறவைகள் வடக்கிலிருந்து தெற்கே வரும். அந்த மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கு பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. பைனாகுலரைத் தவறியும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், பார்வையே போய்விடும். 8x42 அளவு போதும்; அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். பெரிதாக்கும் திறன் அதிகம் என்று சொல்லி 20 மடங்கு வாங்கினால் கை நடுக்கத்தில் பருந்து இருக்கும் இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை வடசென்னைக்கென்றே சொல்ல வேண்டியது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் என்று காவல் போட்ட இடங்கள் நம் பக்கம் அதிகம். அவற்றின் மதிற்சுவருக்கு அருகே பைனாகுலரும் நோட்டுமாக நின்றால் விசாரணை வரும். சொந்த மாடி அல்லது உறவினர் மாடிதான் நிம்மதி. பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; துணி உலர்த்த வரும் அக்காவுக்குப் பைனாகுலரைக் கொடுத்து ஒரு செம்பருந்தைக் காட்டிவிட்டால், கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அன்றிலிருந்து உங்கள் கட்சியில் சேர்ந்துவிடுவார்.

படி 2: ஊர்க்காரர்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்

வலசைப் பறவையைத் தேடும் முன் இங்கேயே குடியிருப்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பருந்தின் வால் நுனி உள்வளைந்து கவட்டை போலப் பிளந்திருக்கும். திரும்பும்போது அந்த வாலை மட்டும் சாய்த்துத் திருப்பும். செம்பருந்தின் வால் விளிம்பு உருண்டை. வளர்ந்த செம்பருந்தை வெள்ளைத் தலையை வைத்துக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இளசுதான் ஏமாற்றும்: உடம்பெல்லாம் பழுப்பு, கரும்பருந்தின் தம்பி போல இருக்கும். வாலைப் பாருங்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை நின்றால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். வல்லூறு (ஆங்கிலத்தில் ஷிக்ரா) சிறியது, சிறகு குட்டை, வால் நீளம். நாலைந்து முறை படபடவென்று அடித்துவிட்டுச் சற்று மிதக்கும், மறுபடி அடிக்கும்.

குளிர்காலத்தில் வருகிறவற்றில் மூன்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து சிறகை ஆங்கில ‘வி’ எழுத்துப் போலத் தூக்கி வைத்துக்கொண்டு, நாணலுக்கு மேலே தாழப் பறக்கும். விராலடிப்பானின் சிறகு மணிக்கட்டில் மடங்கினாற்போல இருக்கும், அடிப்பக்கம் வெளுப்பு. எண்ணூர்க் கழிமுகத்தில் அது மீனோடு எழும்போது கவனியுங்கள், மீனின் தலை முன்னே இருக்கும்படி காலில் திருப்பிப் பிடித்திருக்கும். குறுக்காகப் பிடித்தால் காற்று தடுக்கும். பொரி வல்லூறு கூரிய சிறகும் அகன்ற மார்புமாக நேர்க்கோட்டில் போகும்.

உயரத்தில் வட்டமடிப்பதெல்லாம் வேட்டைப் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். பழவேற்காடு, நேலப்பட்டுப் பக்கத்துக் கூழைக்கடாக்களும், நத்தைகுத்தி நாரைகளும், மஞ்சள்மூக்கு நாரைகளும் இதே வெப்பக்காற்றில்தான் ஏறுகின்றன. நாரை கழுத்தையும் காலையும் நீட்டியிருக்கும். கூழைக்கடா ஒரே நேரத்தில் எல்லாமாகத் திரும்பும்போது வெள்ளையாகப் பளிச்சிட்டு மறையும். போதாததற்குக் காற்றாடிகள் வேறு. தண்டையார்பேட்டை மேல் அசையாமல் நிற்கும் ஒரு கரும்புள்ளியைக் கழுகு என்று எழுதிவிடாதீர்கள். மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் அது கம்பிகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் சிக்கிச் சிறகு அறுபடுவதில் பருந்துகளும் அடக்கம்.

படி 3: வானத்தில் ஒரு கோடு

மலைகளில் பறவை எண்ணும் இடங்கள் பலவற்றில் நடைமுறை இதுதான். மேற்கே மாதவரம் பக்கம் ஒரு செல்போன் கோபுரம், கிழக்கே ஒரு குடிநீர்த் தொட்டி என்று அசையாத அடையாளம் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைத்து உங்கள் தலைக்கு மேலே ஒரு கோடு ஓடுவதாகக் கொள்ளுங்கள். கோட்டை வடக்கிலிருந்து தெற்காகத் தாண்டினால் ஒன்று கூட்டல். தெற்கிலிருந்து வடக்கே திரும்பினால் ஒன்று கழித்தல். தாண்டாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கணக்கிலேயே கிடையாது.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கொடுங்கையூரில் வட்டமடிக்கும் கரும்பருந்துகள் ஒரு மணி நேரத்தில் உங்கள் கோட்டை இருபது முறை தாண்டும். கூட்டல் மட்டும் போட்டால் சைபீரியாவே இறங்கி வந்துவிட்டது போல நோட்டு நிரம்பும். கழித்தலும் போட்டால் மாலையில் சுழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதுதான் சரியான விடை, ஏனென்றால் அவை எங்கேயும் போகவில்லை. இந்தக் கழித்தல் கணக்கு கைக்கு வரும் வரை மலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அதற்காகக் கரும்பருந்தை அலட்சியமாகவும் நினைக்க வேண்டாம். டெல்லியில் குளிர்காலத்துக்கு வந்த கரும்பருந்துகள் மீது செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவை இமயமலைத் தொடரைத் தாண்டி மத்திய ஆசியா வரை போனது தெரிந்தது.

படி 4: கண்ணை ஓட்டுவது

வெறும் கண்ணால் ஒரு சுற்று, பிறகு பைனாகுலரால் தொடுவானத்தை ஒட்டி இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு கீற்று. வலக்கோடிக்குப் போனதும் கொஞ்சம் மேலே ஏற்றி வலமிருந்து இடமாக இன்னொரு கீற்று. கீற்றுகள் ஒன்றோடொன்று சற்று மேல்விழ வேண்டும். மேகத்தைச் சாபமாக நினைக்காதீர்கள்; வெள்ளை மேகத்தின் பின்னணியில் கரும்புள்ளி உடனே தெரியும். துளி மேகமில்லாத நீல வானம்தான் கொடுமை. நண்பகலில் பறவைகள் மிக உயரத்துக்கு ஏறிவிடும், நீலத்தில் கரைந்துபோகும்.

கரையோரம் என்பதால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் கரையை ஒட்டிய இடங்களில் வெப்பக்காற்றின் எழுச்சி தளர்ந்துவிடும். ஆகவே காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை உட்கார்ந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிவிடலாம்.

படி 5: கூட்டத்தை எண்ணுவது

சுழலும் கூட்டத்தை எண்ண முயல்வது வீண் வேலை. ஒன்று முன்னே வரும், ஒன்று மறையும், எண்ணியதே மறுபடி வரும். காத்திருங்கள். உச்சிக்குப் போனதும் முதல் பறவை சிறகைச் சற்றுப் பின்னால் மடக்கிச் சறுக்கத் தொடங்கும். அதன் பின்னால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, பிழிந்துவிட்ட இடியாப்பச் சரம் போல நீளமாக வெளியே வரும். எண்ண வேண்டிய நேரம் அதுதான். பைனாகுலரை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் கையில் உள்ள எண்ணும் கருவியை ஒரு அழுத்து. பஸ் நிலையத்தில் தலை எண்ணும் அதே மலிவான கருவி போதும். பைனாகுலரைப் பறவையோடு நகர்த்தினீர்களானால் கணக்கு குழம்பிவிடும்.

சரம் தடித்துவிட்டால் பத்துப் பத்தாகப் போக வேண்டும். பத்துப் பறவையைத் துல்லியமாக எண்ணுங்கள். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து வைத்து அளந்து போங்கள். கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. குப்பைமேட்டின் மேல் பருந்துகள் திரளும்போது முதலில் மதிப்பிட்டு ஓர் எண்ணை எழுதுங்கள். உடனே செல்போனில் ஒரு படம். வீட்டுக்குள் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருப்பார்கள். எவ்வளவு குறைக்கிறோம் என்பது தெரிந்துவிட்டால் கண் தானாகத் திருந்தும்.

படி 6: நோட்டு

மணிக்கு ஒரு வரி. மாதிரிக்கு:

9–10 மணி | வாடை, மெல்லிய காற்று | மேகம் கால் பங்கு | சேற்றுப் பூனைப்பருந்து தெற்கே 2 (முதிர் ஆண் 1, பெண் அல்லது இளசு 1) | பெயர் தெரியாத பருந்து 1 | எண்ணியவர் 1

10–11 மணி | கொண்டல் (கிழக்குக் காற்று) | மேகம் அரைப் பங்கு | எதுவும் கடக்கவில்லை

அந்த இரண்டாவது வரியை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். எதுவும் வராத மணிநேரமும் தகவல்தான். அது இல்லாவிட்டால், ஒரு மணிக்கு இத்தனை என்ற விகிதம் பொய்யாகிவிடும், அடுத்த வருடத்தோடு ஒப்பிடவும் முடியாது. ‘பெயர் தெரியாதது’ என்று எழுதக் கூச்சப்படவும் வேண்டாம். ஊகத்தில் எழுதிய அபூர்வப் பெயரைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றும்போது ஓரிடத்தில் நின்று எண்ணிய பட்டியல் என்பதைத் தேர்வு செய்து, மணிக்கு ஒரு பட்டியலாகப் போடுங்கள்.

படி 7: திருத்தணி ஒத்திகை

வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் அரக்கோணம் மார்க்கம்; திருத்தணி வரை போகும் வண்டிகளும் உண்டு. 365 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, கூட்டமில்லாத ஒரு விளிம்பில் நில்லுங்கள். இங்கே வலசைப் பறவை வராவிட்டாலும் பரவாயில்லை. மாடியில் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் வருகிறோம்: பறவையின் முதுகு. மலையில் பறவைகள் கண்மட்டத்திலும் கீழேயும் போகும். அடிவயிற்றையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதுகுப்புறம் தெரிந்த பறவைகூட அந்நியமாகிவிடும். பின்னணியும் வானமாக இருக்காது, மரமும் பாறையுமாக இருக்கும். பழுப்புப் பறவை அதில் புதைந்துவிடும்; நிழல் நகர்வதைப் பார்த்துத்தான் பறவையைப் பிடிக்க வேண்டும்.

படி 8: பெரிய மலை

நேபாளத்தில் பொக்காராவுக்கு அருகே உள்ள தூலாகர்காவில் ஸ்டெப்பி கழுகுகளைப் பார்க்கலாம். எல்லாப் பறவைகளும் தெற்கே போகும் பருவத்தில் இவை இமயமலையின் தென்சரிவை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன; எனவே உங்கள் கோடு அங்கே வடக்கு தெற்காக இருக்க வேண்டும். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை என்று 2015 முதல் பட்டியலிடப்பட்டிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வயதைக் குறிப்பது முக்கியம்: இளசின் சிறகு அடியில் நெடுக ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அவ்வளவு தூரம் முடியாதென்றால் இமாச்சலத்தின் தரம்சாலா போதும். பதான்கோட் வரை ரயில், பிறகு பஸ். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடியும் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழையில் நம் மாடி ஒழுகிக்கொண்டிருக்கும், எண்ண வானமே இருக்காது. அலுவலகத்தில் அந்த மாதத்துக்கே விடுப்பு கேட்டு வையுங்கள். ஸ்வெட்டரும் இரண்டு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா குளிரில் எழுதாது, பென்சில் வையுங்கள்.