ஒரு றாத்தல் செத்தல் மிளகாய் என்றால் எத்தனை கிராம்?

அம்மம்மாவின் கொப்பியில் கறித்தூளுக்கு இப்படி எழுதியிருந்தது: "செத்தல் 1 றா., மல்லி 1 றா., பெருஞ்சீரகம் 4 அவு." றாத்தலும் கிலோவும் ஒன்று என்று நினைத்துச் செத்தல் ஒரு கிலோ வாங்கினேன். மல்லி கடையில் அரைக் கிலோதான் கிடந்தது, போதும் என்று விட்டேன். அவுன்ஸை மட்டும் போனில் பார்த்து 113 கிராம் என்று சரியாகப் போட்டேன். வறுத்து மில்லில் அரைப்பித்து வைத்த முதல் மீன்குழம்பிலேயே வீட்டில் எல்லாருக்கும் கண்ணும் மூக்கும் ஓடியது.

படி 1: எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றுங்கோ
1 அவுன்ஸ் 28.35 கிராம். 16 அவுன்ஸ் சேர்ந்தால் 1 றாத்தல், அதாவது 453.6 கிராம். கிலோவில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. பேக்கரியில் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்டு 450 கிராம் பாணை வாங்கிக்கொண்டு வருகிறோமே, அதே றாத்தல்தான். 112 றாத்தல் ஒரு அந்தர். கணக்குப் பார்த்தால் 50.8 கிலோ. இப்போது 50 கிலோ உர மூட்டையையும் அந்தர் என்றுதான் சொல்லுவினம்.

படி 2: குறிப்பில் உள்ள அளவு நிறைதானா என்று பாருங்கோ
சுண்டு, கொத்து, புசல் எல்லாம் முகத்தல் அளவுகள். ஒரு கொத்து அரிசியும் ஒரு கொத்து மாவும் தராசில் ஒரே நிறை காட்டாது.

படி 3: நிறுங்கோ
டிஜிட்டல் தராசைச் சமதரையில் வைத்து, வெறும் பாத்திரத்தை ஏற்றி, சைபருக்குக் கொண்டுவந்த பிறகு சாமானைப் போடுங்கோ. தராசில் சந்தேகமா? அரை லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றினால் 500 கிராமுக்குக் கிட்ட நிற்க வேண்டும்.

படி 4: நகைக்கடைக் கணக்கைச் சமையலுக்குக் கொண்டுவராதேங்கோ
பவுண் வேறு, றாத்தல் வேறு. பவுண் என்பது தங்கம் நிறுக்கிற அளவு, 8 கிராம். றாத்தலை ஆங்கிலத்தில் பவுண்ட் என்பதால் சிலர் சமையல் குறிப்புகளில் "1 பவுண் இறைச்சி" என்று எழுதி வைக்கினம். எட்டுக் கிராம் இறைச்சியில் யாருக்குக் கறி வைக்கிறது! யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் இருக்கிற கஸ்தூரியார் வீதியில் இரண்டு பவுண் காப்பு என்றால் 16 கிராம். கல்லு வைத்த நகை என்றால் கல்லின் நிறையைக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கோ. உலகச் சந்தையில் தங்கத்துக்குச் சொல்லும் அவுன்ஸும் நம்முடைய அவுன்ஸ் இல்லை, அது 31.1 கிராம். கரட்தான் பெரிய குழப்பம்: இரத்தினக் கல்லுக்கு அது நிறை, 0.2 கிராம், தங்கத்துக்கோ தரம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம்.

என்னுடைய தூளுக்கு வருவோம். செத்தல் 1,000 கிராம் விழுந்துவிட்டது, அதை எடுக்க ஏலாது. அதனால் மற்றதைக் கூட்டினேன். மல்லியும் 1,000 வேண்டும். பெருஞ்சீரகம் அதில் கால்வாசி, 250. ஆக, இன்னும் 500 கிராம் மல்லியும் 137 கிராம் பெருஞ்சீரகமும் வறுத்து அரைப்பித்துக் கலந்தேன். இப்போது போத்தல் போத்தலாக இரண்டேகால் கிலோ தூள் கிடக்கிறது. குழம்பு சரியாக வந்தது. தூள்தான் முடிகிறதாக இல்லை.