தரங்கம்பாடியில் இறங்கி, பூம்புகாரில் பஸ் ஏறி: ஒரு கடலோர நடை

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தே போய்விடும். இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டபோது டாக்டர் நடக்கச் சொன்னார். மகாமகக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்து நாளில் சலித்துவிட்டது. அப்புறம்தான் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஊரில் இறங்கி, நடந்து, வேறோர் ஊரில் பஸ் ஏறித் திரும்பும் பழக்கம் வந்தது. நாங்கள் நடந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தரங்கம்பாடியிலிருந்து பூம்புகார் வரை கடலை ஒட்டியே போகும் வழி. சுமார் 13 கிலோமீட்டர். நான் நான்கு முறை போயிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்களுக்காக, தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

கார் இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்த மாதிரி நடைக்குக் கார் இருந்தால்தான் தொந்தரவு. வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், பாதி நாள் வந்த தடத்தையே மறுபடி மிதிக்க வேண்டும். பஸ்ஸில் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. முன்னால் போய்க்கொண்டே இருக்கலாம்.

முதலில் மாதம். பொங்கல் கழிந்து பங்குனி பிறக்கும் வரை போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இருக்கும், சிற்றாறுகளின் வாய் எல்லாம் திறந்துகொள்ளும், கடக்க முடியாது. சித்திரை, வைகாசியில் அந்த மணலில் காலை வைக்க முடியாது. சில இடங்களில் கருமணல் கலந்து கிடக்கிறது. பத்து மணிக்கே செருப்பைத் தாண்டிச் சுடும். தை மாதத்தில் வாடைக்காற்று முகத்துக்கு நேரே வரும், வெயில் உறைக்காது.

அடுத்தது திசை. தெற்கிலிருந்து வடக்காக நடங்கள். கடல் வலது கைப்பக்கம் இருக்கும். அந்த மாதங்களில் காலைச் சூரியன் தென்கிழக்கில் ஏறுவதால் வெயில் வலது தோளுக்குப் பின்னாலேயே இருக்கும். முதல் தடவை பூம்புகாரிலிருந்து தெற்கே நடந்து, மூன்று மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டே போய், மறுநாள் தலைவலியோடு கடையைத் திறந்தேன்.

எல்லாவற்றுக்கும் நடு இடம் மாயவரம், அதாவது மயிலாடுதுறை. சென்னை, திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் இருக்கிறது. முந்தின இரவு வந்து தங்கிவிடுவது நல்லது. நாங்கள் கும்பகோணத்தில் நாலரைக்கெல்லாம் பஸ் நிலையத்தில் நிற்போம். மாயவரத்தில் மாறி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு பக்கம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். ஆனால் பாயின்ட் டு பாயின்ட், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு அது செல்லாது. ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926 முதல் 1986 வரை ரயிலே ஓடியிருக்கிறது. அம்மா அதில் போயிருக்கிறார். அந்தப் பாதை மறுபடி வராதா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

மாயவரம் பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கடற்கரையில் ஒதுங்க இடம் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் எந்தச் சவுக்குத் தோப்பிலும் யாராவது விறகு பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிக் குடிக்காமல் நடந்து, மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். வழியில் உள்ள மீனவ ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பெண்கள் இருப்பார்கள். “அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்” என்றால் போதும். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. திரும்பும்போது மோர் வேண்டுமா என்றும் கேட்பார்கள்.

தரங்கம்பாடியில் பஸ் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும். கிழக்கே நடந்தால் 1792-இல் கட்டிய வெள்ளை நுழைவாயில். அதைத் தாண்டி ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. அதன் முடிவில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை. நீங்கள் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் திறந்திருக்காது. அதற்காகக் காத்திருக்காதீர்கள், வெயில் ஏறிவிடும். கோட்டைக்கு இன்னொரு நாள் வரலாம். பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 1306-ஆம் ஆண்டுக் கோயில், பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நாங்கள் தொடங்குவோம்.

கல் கொட்டிய தடுப்புகள் மேல் ஏறி நடக்காதீர்கள். பாசி பிடித்த கருங்கல் வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு போய்விடும். தடுப்பு வரும் இடங்களில் ஊருக்குள் நுழைந்து தெரு வழியாகப் போய் மறுபடி மணலுக்கு இறங்குங்கள்.

மணலில் நடப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. உலர்ந்த மணலில் கால் புதையும், இரண்டு கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் கெஞ்சும். அலை வந்து திரும்பிய ஈரப்பட்டையில் நடந்தால் தரை சிமெண்டு மாதிரி இருக்கும். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் வலது கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். வெகு நேரம் அப்படியே போனால் வலது இடுப்பு வலிக்கும். அதனால் ஒவ்வோர் ஊர் வரும்போதும் மேலேறி, ஊர்ச்சாலையில் கொஞ்ச தூரம் சமமாக நடந்து, இடுப்பை நேராக்கிக்கொண்டு இறங்குங்கள். இந்தக் கரையில் கடல் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். தண்ணீர் ஏறிவந்து வழியை அடைத்துவிடுமோ என்ற பயம் சாதாரண நாளில் தேவையில்லை.

காலுக்குப் பட்டை வைத்த செருப்புதான் சரி. ஷூவுக்குள் மணல் புகுந்தால் உப்புக்காகிதம் போலத் தோலை உரிக்கும். வெறுங்காலோடும் வேண்டாம். கரையின் மேல்பக்கம் ராவணன் மீசை என்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும், அதன் முள் ஊசியைவிடக் கூர். பக்கத்திலேயே ஊதா நிறப் பூவோடு அடப்பங்கொடி படர்ந்திருக்கும். அதன் மேல் நடக்காமல் சுற்றிப் போங்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

உடைக்கு என் தொழில் யோசனை ஒன்று. சுடிதார் பேன்ட்டின் உள்பக்கம், இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பை தைத்து மேலே ஜிப் வைத்துக்கொள்ளுங்கள். பணம், போன், ஆதார் நகல் எல்லாம் அதில் போகட்டும். முதுகுப் பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தயிர் சாதம், ஒரு தொப்பி, நான்கு ஊக்கு, பழைய துணி இரண்டு முழம். அந்தத் துணி கட்டுப்போடவும் ஆகும், தலைக்கும் ஆகும்.

வழியில் குட்டியாண்டியூர், பெருமாள்பேட்டை, புதுப்பேட்டை, தாழம்பேட்டை, சின்னூர்பேட்டை என்று மீனவ ஊர்கள் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உயிர்களைப் பறிகொடுத்த கரை இது. வேடிக்கை பார்க்க வந்தவர்போல நுழைந்து வீட்டு வாசலைப் போன் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். கருவாடு காயும் இடத்தில் ஓரமாகப் போங்கள். விரித்திருக்கும் வலையை மிதிக்கவும் தாண்டவும் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். கரைவலை இழுக்கும்போது கயிற்றின் குறுக்கே போகாதீர்கள். அந்தக் கயிறு விறைத்தால் ஆளையே தூக்கி அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. மற்ற மாதங்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஃபைபர் படகுகள் கரையேறும், ஏலம் நடக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஆற்று வாய்கள். சின்னச் சின்ன ஆறுகள் கடலில் சேரும் இடங்கள். மாசி மாதத்தில் பெரும்பாலும் மணல் அடைத்துக் கிடக்கும், காலை நனைக்காமலே தாண்டலாம். ஆனால் பின்மழை பெய்த வருஷத்தில் திறந்திருக்கும். ஒருமுறை அப்படித் திறந்த வாயில், முட்டியளவுதான் தண்ணீர் என்று நினைத்து இறங்கினேன். நாலாவது அடியில் இடுப்பு வரை வந்துவிட்டது. காலுக்கடியில் மணல் கரைந்து ஓடுவது தெரிந்தது, கடல் பக்கமாக இழுத்தது. கரையில் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் கத்தினார்: “ஏ பொண்ணு, அங்கே இறங்காதே! அது குழி! திரும்பி வா!” அக்கா மகள் துப்பட்டாவை நீட்ட, அதைப் பிடித்து ஏறினேன். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தெரியாத தண்ணிய ஒருத்தரைக் கேக்காம மிதிக்கலாமா?” என்று திட்டினார். பிறகு அவரே ஊருக்குள் கூட்டிப்போய்ப் பாலத்துக்கு வழி காட்டினார். அந்தச் சுற்று அரை மணி நேரம்தான். அன்றிலிருந்து என் விதி இதுதான்: மணலில் புதிதாகக் காலடித் தடம் இக்கரையிலும் அக்கரையிலும் தெரிந்தால் மட்டும் இறங்குவேன். தண்ணீர் ஓடுகிறது என்றால் பாலத்துக்குப் போய்விடுவேன். கடலில் குளிப்பதும் இந்த வழியில் வேண்டாம். வாய்களுக்குப் பக்கத்தில் அலை சாதுவாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

சீக்கிரம் போனால் ஒன்று பார்க்கக் கிடைக்கும். தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிறது. சங்கிலித் தையல் இரண்டு வரிசை போட்டதுபோலக் கடலிலிருந்து ஒரு தடம் மேலே ஏறும், மணல் கிளறிய ஓரிடத்தில் முடியும், வேறு வழியாக இன்னொரு தடம் கடலுக்கு இறங்கும். போன பிப்ரவரியில் தாழம்பேட்டை தாண்டி அப்படி ஒன்றைக் கண்டோம். துடுப்பு அடித்த இடங்களில் மணல் இன்னும் ஈரமாக இருந்தது, ஒவ்வொரு குழியின் ஓரமும் இடியாமல் நின்றது. “சித்தி, இது நாம பஸ்ஸில் வரும்போதுதான் போயிருக்கும்” என்றாள் அக்கா மகள். ஒரு கூட்டில் சுமார் நூறு முட்டை இருக்கும். தோண்டிப் பார்க்கக் கூடாது, அது சட்டப்படியும் குற்றம். வனத்துறையினர் வந்து எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். அதே காலையில் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றையும் பார்த்தோம். வலையில் மாட்டி மூச்சு முட்டியிருக்கும் என்றார்கள். வெகு நேரம் நாங்கள் இருவரும் பேசாமல் நடந்தோம்.

கிட்டத்தட்டப் பாதி வழியில் சின்னங்குடி. முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் திருக்கடையூர், அங்கே நெடுஞ்சாலை பஸ் எந்நேரமும் உண்டு. ஆட்டோ கேட்டால் கிடைக்கும். மேலே போகிறவர்கள் இங்கே தண்ணீர் நிரப்பி, சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் கிளம்புங்கள். இதற்குப் பிறகு ஆள் நடமாட்டம் குறைவு, நிழலும் குறைவு. வானகிரியில் மறுபடி படகுகள் தெரியும்போது கால் தானாக வேகம் பிடிக்கும். அதைத் தாண்டினால் பூம்புகார் கடற்கரை, காவிரி கடலில் சேரும் இடம். குடகில் பிறந்த ஆறு இங்கே வரும்போது எவ்வளவு ஒடுங்கிவிடுகிறது என்று பாருங்கள்.

நாங்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவோம். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் பக்கம் மரநிழலில் அரை மணி உட்காருவோம். மாயவரத்துக்கும் சீர்காழிக்கும் இங்கிருந்து பஸ் உண்டு. வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அடுத்த இரண்டு வண்டிகளின் நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வராவிட்டாலும் மற்றது இருக்கும். ஏறும் முன் குழாயில் காலைக் கழுவி, செருப்பை உதறிவிடுங்கள். நாம் கொண்டுவரும் மணலைச் சாயங்காலம் யாரோ ஒருவர்தான் கூட்ட வேண்டும். மாயவரம் போகும் வண்டியில் வலது பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். மதிய வெயில் அந்தப் பக்கம் வராது.