ஃபைட்டர் மீன் அடியில் படுத்தே கிடக்கிறதா?

ஃபைட்டர் எனப்படும் பெட்டா மீன் தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தால் உடனே மருந்து ஊற்றிவிடாதீர்கள். முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். தாய்லாந்து வயல்வெளியிலிருந்து வந்த மீன் இது. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பு வேண்டும். ஏசி அறையில் வைத்த சின்னக் கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும், மீனும் சோர்ந்துவிடும்.

வெப்பம் சரி என்றால் அடுத்த சந்தேகம் அம்மோனியா, அதாவது மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சு. கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக. வயிறு உப்பிச் சாய்ந்து நீந்தினால் தீனி அதிகமாகியிருக்கலாம். ஒருநாள் பட்டினி போடலாம், ஒன்றும் ஆகாது.

அப்புறம், அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிப்பது நோயில்லை. அதற்கென்றே தனி உறுப்பு உண்டு. மேற்பரப்பிலேயே நின்று மூச்சுவாங்கினால்தான் கவலை. ஆண் மீன் முட்டைகளுக்காகத் தண்ணீர்மேல் குமிழிகளால் நுரைக்கூடு கட்டுவதும் இயல்புதான்.