ஃபெய்ரூனில் இப்போது எந்த வருஷம்? லோர் (உலகத்தின் பின்னணிக் கதை) படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை ஆடி முடித்த சூட்டோடு மதுரை அண்ணா நகரிலும் திருநகரிலும் நாலைந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் ஆட உட்காருகிறார்கள். கேரக்டர் ஷீட், பகடை, பிரியாணி எல்லாம் சரியாக இருக்கிறது. உலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும்தான் இடறுகிறது. அந்தக் கதைகள் நடக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பது எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கதை எழுதத் தொடங்கிய உலகம்; அதன் முக்கியக் கண்டம்தான் ஃபெய்ரூன். 1987-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் அதை ஆட்டப் பெட்டியாக வெளியிட்டது. அன்று முதல் விதிநூல், சாகசம், நாவல், கணினி விளையாட்டு என்று குவிந்துகொண்டே இருக்கிறது.

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று நினைப்பது தவறு. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஸ்பாய்லர் எச்சரிக்கையும் தேவையில்லை. புதியவர்கள் வரிசையாக வந்து விழுகிற குழிகள் வேறு.

வருஷம் பார்க்காமல் படிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நல்ல நல்ல கேம்பெய்ன்கள் (வாரக்கணக்கில் தொடரும் ஆட்டங்கள்) இதில்தான் கெட்டன.

ரெல்ம்ஸில் காலக் கணக்கு டேல்ரெக்கனிங், சுருக்கமாக டிஆர். 1987 பெட்டி 1357 டிஆரில் தொடங்குகிறது. 2001-இல் வந்த மூன்றாம் பதிப்பு நூல் 1372-இல் நிற்கிறது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு ஒரே தாவாக 1479-க்குப் போனது. 2014 முதல் வரும் ஐந்தாம் பதிப்புச் சாகசங்கள் பெரும்பாலும் 1480-களின் கடைசியிலும் 1490-களிலும் நடக்கின்றன. கணினி விளையாட்டிலும் இதே கதைதான். 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டின் கதை 1368-இல் நடக்கிறது, 2023-இல் வந்த மூன்றாவதின் கதை 1492-இல். நடுவில் 124 வருஷம். முதல் ஆட்டத்தில் பார்த்த ஜஹீரா நீண்ட ஆயுள் கொண்ட அரை எல்ஃப் என்பதால் மூன்றாவதிலும் உயிரோடு வருகிறாள். மின்ஸ்க் சாதாரண மனிதன், இடையில் கல்லாகிக் கிடந்ததால்தான் வர முடிந்தது. மற்ற சாதாரண மனிதர்களில் பெரும்பாலோரை அங்கே தேடக்கூடாது.

1357-க்கும் 1492-க்கும் நடுவில் உலகமே மூன்று முறை புரண்டிருக்கிறது. 1358-இல் ஹெல்ம் என்ற காவல் தேவனைத் தவிர மற்ற தேவர்கள் உடலோடு பூமிக்குத் தள்ளப்பட்டார்கள். 1385-இல் ஸ்பெல்ப்ளேக் வந்து மந்திரமே குலைந்தது. 1480-களில் நடந்த இரண்டாம் பிளவில் பல விஷயங்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஊர்களுக்கும் தனித்தனியாக அடி விழுந்திருக்கிறது. நெவர்விண்டர் நகரம் 1451-இல் ஹோட்டனவ் எரிமலை வெடித்து நாசமானது. பிறகு டாகல்ட் நெவரெம்பர் அதைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.

இத்தனையும் ஒரே விக்கிப் பக்கத்தில் அடுத்தடுத்த பத்திகளாகக் கிடக்கும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் விக்கியில் எல்லாவற்றையும் இறந்தகாலத்தில்தான் எழுதுவார்கள். இன்று பதவியில் இருப்பவரும் ‘ஆண்டார்’, நூறு வருஷத்துக்கு முன் ஆண்டவரும் ‘ஆண்டார்’. வினைச்சொல்லை வைத்து யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அது விக்கியின் பிழையல்ல, எந்தக் காலத்தில் ஆடுபவருக்கும் பயன்பட வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவு. ஆனால் புதியவர் அதை இன்றைய செய்தியைப் போலப் படிக்கிறார்.

விளைவு எப்படி இருக்கும்? ஆட்டம் 1492-இல். மனிதப் போர்வீரன், வயது 30. பின்னணிக் கதை எட்டுப் பக்கம், ரசித்து எழுதியது. அப்பா நெவர்விண்டரில் லார்ட் நாஷரின் மெய்க்காவலர், அந்த விசுவாசத்துக்காக உயிரை விட்டவர், மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். முதல் செஷனில் அதை வாசிக்கும்போதுதான் ஆட்டத்தை நடத்தும் டிஎம் நிமிர்கிறார்.

“மாப்ள, நாஷர் ஆண்டது 1372-லடா. உங்க அப்பா இருந்தா இப்ப நூத்தம்பது வயசு.”

“விக்கில போட்டிருக்கே, பங்கு!”

போட்டிருக்கிறதுதான். அதன் பிறகு மதியம் முழுக்கப் போனை நீட்டி நீட்டிச் சண்டை. பகடை உருளவே இல்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. படிக்காமல் வந்தவரால் இது நடக்கவில்லை, மற்ற எல்லாரையும்விட அதிகம் படித்து வந்தவரால் நடந்தது. எரிச்சலே அங்கேதான்.

தேவர்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல். மந்திர தேவதை மிஸ்ட்ரா என்ற பெயரில் ஒருத்திதான் இருக்கிறாள் என்று நினைப்பார்கள். நெதெரில் என்ற பழைய பேரரசு விழுந்தபோது, டிஆருக்கு முந்தைய 339-ஆம் ஆண்டில், மிஸ்ட்ரில் என்ற பழைய மந்திர தேவதை இறந்து மிஸ்ட்ராவாகப் பிறந்தாள். அந்த மிஸ்ட்ராவை 1358-இல் ஹெல்ம் கொன்றான். மிட்நைட் என்ற மனிதப் பெண் அதே பெயரில் அந்த இடத்தில் அமர்ந்தாள். 1385-இல் சிரிக் என்ற தேவன் அவளைக் கொன்றதில்தான் ஸ்பெல்ப்ளேக்கே வந்தது. ஐந்தாம் பதிப்பில் மிஸ்ட்ரா மறுபடி இருக்கிறாள். 1400-இல் நடக்கும் கதையில் மிஸ்ட்ராவின் பூசாரியாக வர ஆசைப்பட்டால், கும்பிடச் சாமி இல்லை.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. டிஎம்மிடம் முதலில் ஒரே கேள்வி: எந்த வருஷம்? அதை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். உள்ளே முதல் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து வருஷங்கள்: 1358, 1385, 1451, 1480-கள், உங்கள் ஆட்டத்தின் வருஷம். பக்கத்தில் ஒவ்வொரு வரி. இதுதான் ஏணி. எந்தப் பெயரைப் படித்தாலும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்த பிறகே குறிப்பெடுங்கள்.

விக்கியில் படிக்கும்போது வாக்கியத்தோடு நிற்காமல், அதன் முடிவில் இருக்கும் அடிக்குறிப்பு எண்ணைத் தொட்டு, எந்த நூல், எந்த ஆண்டு வெளியீடு என்று பாருங்கள். 2008-க்கு முன் அச்சான ஆட்ட நூல் என்றால் ஏறக்குறைய ஸ்பெல்ப்ளேக்குக்கு முந்தைய உலகம். 2008 முதல் 2013 வரை என்றால் சிதைந்த உலகம். 2014-க்குப் பின் என்றால் இப்போதைய உலகம். நாவல்கள் இந்தக் கணக்குக்குள் அடங்காது, அவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே எழுதி மாட்டிக்கொண்டீர்களா? எட்டுப் பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். அப்பாவைக் கொள்ளுத் தாத்தாவின் அப்பாவாக்கி, அவருடைய கதையைக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் பெருமைக் கதையாக மாற்றுங்கள். துருப்பிடித்த பதக்கம் ஒன்று கையில் இருந்தால் போதும். அல்லது அம்மாவை எல்ஃப் ஆக்குங்கள். எல்ஃப்கள் 700 வருஷத்துக்கு மேல் வாழ்வார்கள், நாஷரை நேரில் பார்த்த சாட்சி வீட்டிலேயே கிடைத்துவிடும். மேசையில் எல்லாரும் சம்மதித்தால் மூன்றாவது வழியும் உண்டு: ஆட்டத்தையே 1372-க்கு நகர்த்துவது. ஆனால் ஒருவருடைய பின்னணிக் கதைக்காக எல்லாருடைய நகரங்களையும் மாற்றுவது நியாயமில்லை.

எது அதிகாரபூர்வம் என்று சண்டை போடுவது

இப்போது இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2021 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது: மேசை ஆட்டத்துக்கு அதிகாரபூர்வமானது 2014 முதல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்ட நூல்களில் இருப்பது மட்டுமே. நாவலும் கணினி விளையாட்டும் அதில் சேராது. அதனால் “பால்டர்ஸ் கேட் 3-ல அப்படித்தான் வருது” என்பது வாதமே ஆகாது. பழைய நாவலைக் கொண்டுவந்து நீட்டுவதும் ஆகாது. ஆனால் டிஎம் விரும்பினால் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. எடுப்பதை முதல் செஷனிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யார் சொன்னது என்று கேட்காதது

ரெல்ம்ஸ் நூல்களில் நிறையப் பகுதி அந்த உலகத்து ஆட்கள் சொல்வதாக எழுதப்பட்டது. 1990-களில் வந்த ஊர்வழிகாட்டி நூல்களை வோலோ என்ற ஊர்சுற்றி எழுதியதாகவும், அவன் அளந்துவிட்ட இடங்களில் மந்திரவாதி எல்மின்ஸ்டர் குறிப்பெழுதித் திருத்தியதாகவும் அமைத்திருக்கிறார்கள். வோலோ சொன்னதை அப்படியே உண்மை என்று குறித்துக்கொண்டால் ஏமாந்தீர்கள்.

மதுரைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அழகர் ஏன் வைகையில் இறங்குகிறார்? தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர் தாமதமாகி, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்புகிறார் என்று தெருவில் சொல்வார்கள். மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்று தலபுராணம் சொல்லும். தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்று வரலாறு பேசுகிறவர்கள் சொல்வார்கள். மூன்றையும் கேட்டு வளர்ந்துவிட்டு, ஃபெய்ரூனில் மட்டும் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது என்ன கணக்கு?

நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ‘நூல்’ என்றால் ஆசிரியரே நேராகச் சொன்னது. ‘ஆள்’ என்றால் அந்த உலகத்து ஒருவர் சொன்னது. ‘ஊர்’ என்றால் வதந்தி. ஆட்டத்தில் அதிகம் உதவுவது மூன்றாவதுதான். வதந்தி பொய்யானாலும் ஒரு சாகசத்துக்கு வழி கிடைக்கும்.

நமக்குத் தெரிந்ததைக் கேரக்டருக்கும் தெரிந்ததாக்குவது

ஃபாண்டலின் என்ற சிற்றூரில் ஆடு மேய்ப்பவனுக்குச் சிரிக்கைப் பற்றி என்ன தெரியும்? கொள்ளுத் தாத்தா காலத்தில் வானம் நீலமாக எரிந்தது (அதுதான் ஸ்பெல்ப்ளேக்) என்பது தெரிந்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வரலாற்றுச் சோதனைக்குப் பகடை உருட்டச் சொல்லுங்கள். ஊரறிந்த விஷயத்துக்குப் பகடையில் எட்ட வேண்டிய இலக்கு 10, படித்தவருக்கு மட்டும் தெரிவது 15, பழைய சுவடியில் கிடப்பது 20. உருட்டித் தோற்றாலும் தவறான வதந்தி ஒன்றைக் கொடுங்கள், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

இணைப்புக்குள் இணைப்பாகப் போவது

விக்கியில் ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை இரண்டு முறையோடு நிறுத்துங்கள்.

வரைபடத்தைக் கலப்பது

1987 வரைபடமும் 2001 வரைபடமும் ஒன்றல்ல, ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறியிருக்கிறது. ஸ்பெல்ப்ளேக்குக்குப் பிறகு நிலமே மாறியது. ஒரு பதிப்பின் வரைபடத்தை எடுத்தால் கடைசிவரை அதுதான். தூரத்தை மைலாக மட்டும் வைத்திருந்தால் மேசையில் யாருக்கும் உறைக்காது. ஐந்தாம் பதிப்பில் சாதாரண வேகத்தில் ஒரு நாள் நடை 24 மைல், அதாவது ஏறக்குறைய 39 கிலோமீட்டர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை என்று சொன்னால், மூட்டையோடும் கவசத்தோடும் நடப்பவனின் கால் வலி எல்லாருக்கும் உடனே புரியும்.

“அடுத்த வெள்ளிக்கிழமை சந்திப்போம்”

ஃபெய்ரூனில் வெள்ளிக்கிழமை கிடையாது. மாதத்துக்கு 30 நாள், பத்துப் பத்து நாளாக மூன்று பங்கு. பன்னிரண்டு மாதம் போக ஐந்து திருநாள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஷீல்ட்மீட் என்ற நாள் கூடுதல்.

உச்சரிப்பு

டிஎம் எப்படிச் சொல்கிறாரோ அப்படி.

புதிதாக வரும் எல்லாவற்றையும் வாங்குவது

உங்கள் கேம்பெய்ன் வாட்டர்டீப் நகரத்தை விட்டு வெளியே போகாது என்றால், தொலைதூர நாடுகளைப் பற்றிய நூல் அலமாரிக்குத்தான் அழகு. இறக்குமதிப் புத்தகத்தின் விலைக்கு நாலு பேர் கூடி ஒன்று வாங்கி, அடுத்த செஷன் எங்கே நடக்கிறதோ அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். வாட்டர்டீப்புக்கே கூட அவசரத்துக்கு வேண்டியது மூன்று: முகமூடி அணிந்த பிரபுக்கள் ஆள்கிறார்கள், முகம் காட்டுபவர் ஒருவர்தான், 1489-க்குப் பிறகு அவர் லேரல் சில்வர்ஹேண்ட். மீதியை ஆட்டம் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் சொன்னதை எழுதாமல் விடுவது

நூலில் இருப்பதையெல்லாம் குறித்துவைப்பார்கள். டிஎம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பெயரைச் சத்திரக்காரனுக்கு வைத்ததை யாரும் எழுதமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆட்டம் நிற்கும். திரும்பக் கூடும்போது டிஎம்முக்கே அந்தப் பெயர் நினைவிருக்காது. உங்கள் மேசையில் சொல்லப்பட்டது எந்த நூலையும்விட மேலானது, அதனால் அதற்குத்தான் முதலில் குறிப்பட்டை போட வேண்டும்.

அட்டைக்கு நாலு வரி போதும்: பெயர், அவருக்கு என்ன வேண்டும், நம் குழுவில் யாரோடு என்ன உறவு, கடைசியாக எங்கே எந்தத் தேதியில் பார்த்தோம். ஐந்தாவது வரி எழுதக் கை துறுதுறுத்தால், அது மேசையில் யாராவது எடுக்கப்போகும் முடிவை மாற்றுமா என்று பாருங்கள். மாற்றாது என்றால் எழுதாதீர்கள். செஷன் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டுவதற்குள் ஒருவர் அட்டைகளை உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலை வாரம் ஒருவருக்கு முறைவைத்துப் போகட்டும், டிஎம் தலையில் கட்டாதீர்கள்.